இருபதாயிரம் முட்டைகள் எங்கே போகின்றன?

முதலில் ஒரு கணக்குப் போடலாம். செம்மறி ஆட்டின் ஈரலுக்குள் வாழும் ஒரு தட்டைப்புழு, ஒரே நாளில் ஏறத்தாழ 20,000 முட்டைகள் இடும். ஓர் ஆண்டுக்கு எத்தனை? பெருக்கிப் பாருங்கள். 73 லட்சம்! இது ஒரே ஒரு புழுவின் கணக்கு. ஓர் ஆட்டின் ஈரலில் நூறு புழுக்கள்கூட இருக்கலாம். அந்தப் புழு ஆட்டுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

அப்படியானால் இந்நேரம் உலகம் முழுக்க ஈரல் புழுவாக அல்லவா நிறைந்திருக்க வேண்டும்? நிறையவில்லை. இட்ட முட்டைகளில் மிகப் பெரும்பாலானவை புழுவாகாமலே அழிந்துபோகின்றன. எந்த இடத்தில், எதனால் அழிகின்றன? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஓர் அருமையான உயிரியல் கதை கிடைக்கும். ஆடு மாடுகளைக் காப்பாற்றும் வழியும் கிடைக்கும். வாருங்கள், போகலாம்.

தட்டையாக இருப்பது ஏன்?

நாம் பேசப்போகும் புழுவின் அறிவியல் பெயர் ஃபாசியோலா ஹெபாட்டிகா. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம், இலை வடிவம், பழுப்பு நிறம். ஆடு, மாடுகளின் ஈரலில் பித்தநீர் ஓடும் குழாய்கள்தாம் அது குடியிருக்கும் இடம்.

இந்தப் புழுவுக்கு நுரையீரல் கிடையாது. இரத்தம் கிடையாது. இதயமும் கிடையாது. அதனால்தான் உடம்பு தட்டையாக இருக்கிறது. உடம்பு மெல்லியதாக இருந்தால், உள்ளே இருக்கும் எந்தச் செல்லும் வெளிப்புறத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்காது. தேவையான பொருள்கள் தோல் வழியாகவே ஊறி உள்ளே போய்விடும். வாய் ஒன்றுதான் உண்டு, கழிவுக்குத் தனி வழி இல்லை. குடல் பல கிளைகளாகப் பிரிந்து உடம்பெங்கும் பரவி, முனையில் மூடிக்கொள்ளும். தின்று மிஞ்சியதை வாய் வழியாகவே வெளியே தள்ளிவிடும்.

வாயைச் சுற்றி ஓர் உறிஞ்சி, வயிற்றுப் பக்கம் இன்னோர் உறிஞ்சி. பித்தநீர் ஓடிக்கொண்டே இருந்தாலும் புழு அடித்துச் செல்லப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்க இவை உதவுகின்றன. ஒரே புழுவுக்குள் ஆண் உறுப்பும் உண்டு, பெண் உறுப்பும் உண்டு. ஆகவே வளர்ந்த ஒவ்வொரு புழுவும் முட்டையிடும்.

இந்தப் புழு, மற்றோர் உயிரின் உடம்புக்குள் தங்கி அதனிடமிருந்தே உணவு எடுத்துக்கொள்கிறது. இப்படி வாழும் உயிரை ஒட்டுண்ணி என்கிறோம். இடம் கொடுக்கும் ஆட்டுக்கு ஓம்புயிரி என்று பெயர்.

முதல் கண்டம்: தண்ணீர்

முட்டைகள் பித்தநீரோடு குடலுக்கு வந்து, சாணத்தோடு வெளியே விழுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். சாணம் காய்ந்த தரையில் விழுந்தால் அத்தனை முட்டையும் காய்ந்து செத்துவிடும். ஈரத்தில் விழுந்தால் மட்டுமே பிழைக்கும். அப்போதும் உடனே பொரிந்துவிடாது. இதமான வெப்பத்தில் இரண்டு, மூன்று வாரம் ஆகும். கடுங்குளிரில் வளர்ச்சி நின்றுவிடும்.

வளர்ந்த முட்டையின் மேல் வெளிச்சம் படும்போது உள்ளிருக்கும் குஞ்சு துடிப்பாகிறது. முட்டையின் ஒரு முனையில் சின்ன மூடி ஒன்று உண்டு. அந்த மூடியைத் திறந்துகொண்டு குஞ்சு தண்ணீருக்குள் பாயும். இதன் பெயர் மிராசிடியம். உடம்பெல்லாம் நுண்ணிய மயிரிழைகள், தலைப்பக்கம் ஒளியை உணரும் இரண்டு கண்புள்ளிகள். அந்த மயிரிழைகளைத் துடுப்பாக அசைத்து விரைவாக நீந்தும்.

ஆனால் இதனால் எதையும் சாப்பிட முடியாது. முட்டையிலிருந்து கொண்டுவந்த சேமிப்புத் தீரும்வரைதான் உயிர். ஏறக்குறைய ஒரு நாள்! அந்த ஒரு நாளுக்குள் ஒரு நத்தையைக் கண்டுபிடித்தாக வேண்டும். எந்த நத்தையானாலும் போதுமா? போதாது. லிம்னேயா குடும்பத்தைச் சேர்ந்த குறிப்பிட்ட சில நத்தைகள்தாம் வேண்டும். ஐரோப்பாவில் அது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சேற்று நத்தை. அந்த நத்தை கசியவிடும் சளியின் வேதிப்பொருளை உணர்ந்துதான் மிராசிடியம் அதை நெருங்குகிறது. நத்தை கிடைக்காத மிராசிடியங்கள் அன்றைக்கே இறந்துவிடும்.

இப்போது புரிகிறதா, 20,000 முட்டைகளும் எங்கே போகின்றன என்று?

நத்தைக்குள் நடக்கும் பெருக்கல்

நத்தையைக் கண்டுபிடித்த மிராசிடியம் அதன் மென்மையான சதையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. நீந்த உதவிய மயிரிழைத் தோலை உதறிவிட்டு ஒரு பையாக மாறுகிறது. இந்தப் பைக்கு ஸ்போரோசிஸ்ட் என்று பெயர். பைக்குள் புதிய குஞ்சுகள் உருவாகின்றன. அவை ரீடியாக்கள். ரீடியாவுக்கு வாயும் குடலும் உண்டு. நத்தையின் செரிமானச் சுரப்பியைத் தின்றே அவை வளர்கின்றன. ஒவ்வொரு ரீடியாவுக்குள்ளும் மேலும் ரீடியாக்களோ, செர்கேரியா என்னும் அடுத்த நிலைக் குஞ்சுகளோ உண்டாகின்றன.

இங்கே ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, முட்டையும் இல்லை. ஓர் உடம்புக்குள்ளேயே அடுத்த உடம்பு, அதற்குள் இன்னும் பல. நத்தைக்குள் நுழைந்தது ஒரே ஒரு மிராசிடியம்தான். ஆறேழு வாரத்தில் அதிலிருந்து 600 செர்கேரியாக்கள்வரை வெளியே வரலாம்! பயணத்தின் தொடக்கத்தில் இழந்ததைப் புழு இங்கேதான் ஈடுகட்டுகிறது.

செர்கேரியா பார்ப்பதற்குத் தலைப்பிரட்டை போல இருக்கும். வட்டமான உடம்பு, பின்னால் ஒரு வால். நத்தையை விட்டு வெளியே வந்ததும் வாலை ஆட்டி நீந்தும். தண்ணீரோரம் ஒரு புல்லோ செடியோ கிடைத்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். வாலை உதிர்த்துவிட்டு, தன்னைச் சுற்றி ஒரு கெட்டியான உறையைக் கட்டிக்கொள்ளும். இந்த உறைநிலைக்கு மெட்டாசெர்கேரியா என்று பெயர். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் பல வாரங்கள், சில வேளைகளில் மாதக்கணக்கில்கூட இப்படியே காத்திருக்கும். நல்ல வெயிலில் காய்ந்துபோனால் செத்துவிடும்.

மறுபடியும் ஈரலுக்கு

ஆடு வந்து அந்தப் புல்லை மேய்கிறது. உறை வயிற்றைக் கடந்து சிறுகுடலை அடைகிறது. தான் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று உறைக்குள் இருக்கும் குட்டிப் புழுவுக்கு எப்படித் தெரியும்? ஆட்டின் உடல் வெப்பம், அங்குள்ள கார்பன் டை ஆக்சைடு, கடைசியாகப் பித்தநீர். இந்த அடையாளங்களை உணர்ந்துதான் அது உறையை உடைத்து வெளியே வருகிறது.

வெளியே வந்ததும் குடல் சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் போகிறது. அங்கிருந்து ஊர்ந்து ஈரலின் மேற்பரப்பை அடைந்து, ஈரலைத் தின்றபடியே ஐந்தாறு வாரம் சுரங்கம் தோண்டுகிறது. ஆட்டுக்கு மிகவும் வலியும் சேதமும் தரும் காலம் இதுதான். பிறகு பித்தக் குழாயை அடைந்து முழு வளர்ச்சி பெற்று முட்டையிடத் தொடங்கும். புல்லோடு உள்ளே போன நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ இரண்டு, மூன்று மாதம்.

இந்தச் சேதத்தால் ஆட்டுக்கு இரத்தம் குறையும். ஆடு மெலியும், சோர்ந்து படுக்கும். சில ஆடு மாடுகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கித் தொங்கும். கால்நடை வளர்ப்பவர்கள் தாடை வீக்கம் என்று சொல்வது இதைத்தான். தாடையில் வீக்கம் தெரிகிறது, ஆனால் காரணம் ஈரலிலோ குடலிலோ இருக்கும் புழுவாக இருக்கலாம்.

முப்பது லட்சம் ஆடுகளும் ஓர் இளைஞரும்

இவ்வளவு சுற்றுப் பாதையை யார் கண்டுபிடித்தார்கள்?

ஈரலில் தட்டைப்புழு இருப்பது ஐரோப்பிய மேய்ப்பர்களுக்குப் பல நூற்றாண்டுகளாகத் தெரியும். ஆனால் அது ஆட்டுக்குள் எப்படி வந்தது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. 1842-இல் டென்மார்க்கின் யாபெடஸ் ஸ்டீன்ஸ்ட்ரப் ஒரு புதிய கருத்தைச் சொன்னார். சில உயிர்களில் தாய் ஒரு வடிவத்திலும், பிள்ளை முற்றிலும் வேறு வடிவத்திலும் இருக்கும்; சில தலைமுறை கழித்துத்தான் பழைய வடிவம் திரும்பும் என்றார். தட்டைப்புழுக்களையும் அதற்குச் சான்றாகக் காட்டினார். அப்படியானால் ஈரல் புழுவின் மற்ற வடிவங்கள் எந்த உயிருக்குள் ஒளிந்திருக்கின்றன?

1879-80 குளிர்காலத்தில் இங்கிலாந்தில் மழையும் ஈரமும் மிகுந்து, ஈரல் புழு நோய் பரவியது. ஏறத்தாழ 30 லட்சம் செம்மறி ஆடுகள் மடிந்தன. விவசாயிகள் தவித்துப்போனார்கள். அரச வேளாண்மைக் கழகம், புழுவின் வாழ்க்கையை ஆராயும் பொறுப்பை ஆக்ஸ்ஃபர்டில் இருந்த ஏ. பி. தாமஸ் என்பவரிடம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றுதான்.

தாமஸ் முதலில் முட்டைகளைச் சேகரித்தார். நோயுற்ற ஒரே ஓர் ஆட்டின் பித்தப்பையிலிருந்து 70 லட்சத்துக்கும் அதிகமான முட்டைகள் கிடைத்தன! அவற்றைத் தண்ணீரில் பொரிக்க வைத்து மிராசிடியங்களைப் பார்த்தார். பிறகு நோய் கண்ட மேய்ச்சல் நிலங்களில் தேடி, பலவகை நத்தைகளைச் சேகரித்து ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். 1880 டிசம்பரில், சின்னஞ்சிறிய சேற்று நத்தை ஒன்றுக்குள் சந்தேகப்படும்படியான ஒரு செர்கேரியா தென்பட்டது. ஆனால் அது ஈரல் புழுவினுடையதுதானா? உறுதிப்படுத்த அதே வகை நத்தைகள் ஏராளமாக வேண்டும். தேடித் தேடிப் பார்த்தும் அவை போதுமான அளவில் கிடைக்கவில்லை.

1882 ஜூலையில் ஆக்ஸ்ஃபர்டு அருகே ஆற்றில் வெள்ளம் வந்தது. வயல்வெளியெங்கும் அந்தச் சேற்று நத்தைகள் ஒதுங்கின. தாமஸ் அவற்றை அள்ளிவந்து, மிராசிடியங்கள் உள்ள நீரில் விட்டார். மிராசிடியங்கள் நத்தைக்குள் துளைத்துப் போவதையும், பையாவதையும், ரீடியாக்களும் செர்கேரியாக்களும் உருவாவதையும், கடைசியில் அவை புல்லில் உறை கட்டுவதையும் வரிசையாகப் பார்த்து எழுதினார். அதே நேரத்தில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ருடால்ஃப் லாய்க்கார்ட் என்னும் பேராசிரியரும் தனியாக ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்திருந்தார். இருவரும் 1882-இலேயே தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். தாமஸின் விரிவான கட்டுரை 1883-இல் வந்தது. புல்லில் உள்ள உறையைத் தின்பதால்தான் ஆடு மாடுகளுக்குப் புழு வருகிறது என்பதைப் பத்தாண்டுகள் கழித்து ஹவாய்த் தீவுகளில் அடால்ஃபோ லூட்ஸ் சோதனை செய்து காட்டினார்.

ஒரு வாழ்க்கைச் சுழலின் கண்ணிகளை மூன்று நாட்டில் மூன்று பேர் பொருத்தி முடித்தார்கள். ஒட்டுண்ணிப் புழுவின் முழு வாழ்க்கைச் சுழல் இப்படித் தெளிவாக்கப்பட்டது அறிவியலில் ஒரு பெரிய திருப்பம். நத்தை வழியாகப் பரவும் மற்றப் புழுக்களைத் தேடியவர்களுக்கு இதுவே வழிகாட்டியாக அமைந்தது.

எறும்பைப் பிடித்துக்கொள்ளும் உறவுப்புழு

ஈரல் புழுவுக்கு ஓர் உறவுக்காரப் புழு உண்டு. ஈட்டி முனை வடிவம், ஒரு சென்டிமீட்டர் நீளம். பெயர் டைக்ரோசீலியம். இதுவும் ஆட்டின் பித்தக் குழாயில்தான் வாழ்கிறது. ஆனால் இதற்குக் குளமோ வாய்க்காலோ தேவையில்லை. முட்டைகளைத் தரையில் வாழும் நத்தைகள் தின்கின்றன. நத்தை தன் உடம்பிலிருந்து செர்கேரியாக்களைச் சளி உருண்டைகளாக வெளியேற்றுகிறது. அந்த உருண்டைகளை எறும்புகள் தின்கின்றன.

ஆடு புல்லைத்தான் தின்னும், எறும்பைத் தேடித் தின்னாதே! பிறகு புழு ஆட்டுக்குள் எப்படிப் போகும்? எறும்புக்குள் போன பல குட்டிப் புழுக்கள் அதன் வயிற்றில் உறை கட்டிக்கொள்ளும். அவற்றில் ஒன்று மட்டும் எறும்பின் தலைக்குப் போய், வாயை இயக்கும் நரம்பு முடிச்சில் தங்குகிறது. மாலையில் குளிர்ச்சி வந்ததும் அந்த எறும்பு புற்றுக்குத் திரும்பாமல் புல் நுனிக்கு ஏறி, தாடையால் புல்லை இறுகக் கவ்விக்கொள்கிறது. மேய வரும் ஆடு புல்லோடு எறும்பையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. வெயில் ஏறினால் எறும்பு பிடியை விட்டு இறங்கி வழக்கமான வேலைக்குப் போய்விடும். சுடும் வெயிலில் எறும்பு செத்தால் புழுவும் சாகும் அல்லவா? 2023-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டு எறும்புகளுக்கு நிற அடையாளம் இட்டுக் கவனித்து, வெப்பநிலைதான் இந்த ஏற்ற இறக்கத்தை முடிவு செய்கிறது என்று காட்டினார்கள். இந்தச் சுழலில் எறும்புக்கும் இடம் உண்டு என்பதை 1950-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் கிரல், மேப்ஸ் ஆகிய இருவர்.

நம் ஊர் மாடுகளில்

நம் நாட்டு மாடுகளையும் எருமைகளையும் தாக்குவது ஈரல் புழுவின் இன்னொரு வகை: ஃபாசியோலா ஜைகான்டிகா. இது இன்னும் நீளமானது, ஏழு சென்டிமீட்டரைக்கூடத் தாண்டும். குளத்திலும் வாய்க்காலிலும் நெல்வயலிலும் வாழும் லிம்னேயா நத்தைகள்தாம் இதன் குஞ்சுகள் வளரும் இடைநிலை ஓம்புயிரி.

இன்னொரு தட்டைப்புழு மாட்டின் மூக்குக்குள் இருக்கும் சிரைகளில் வாழ்கிறது. புழுவின் முட்டைகளைச் சுற்றி மூக்குக்குள் சதை தடித்து அடைத்துக்கொள்ளும். மாடு மூச்சுவிடும்போது குறட்டைச் சத்தம் கேட்கும். அதனால் இதைக் குறட்டை நோய் என்பார்கள். மதராஸ் மாகாணத்து மாடுகளில் இருந்த இந்தப் புழுவை 1933-இல் விவரித்துப் பெயரிட்டவர் எம். ஏ. என். ராவ். சிஸ்டோசோமா நாசேல் என்பது அவர் வைத்த பெயர். இந்த இனத்தின் செர்கேரியா புல்லில் காத்திருப்பதில்லை. தண்ணீரில் இறங்கும் மாட்டின் தோலையே துளைத்து உள்ளே போய்விடும். இந்தப் புழுக்களில் ஆண் வேறு, பெண் வேறு. ஆணின் உடம்பில் ஒரு நீளப் பள்ளம் உண்டு. பெண் புழு அதற்குள்ளேயே தங்கி வாழும்.

எந்தக் கண்ணியை வெட்டலாம்?

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். புழுவின் பயணத்தில் எத்தனை கண்ணிகள்! சாணம், தண்ணீர், நத்தை, புல், ஆடு. இவற்றில் ஒன்று அறுந்தாலும் சுழல் நின்றுவிடும். அதனால்தான் அது லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. பாதை தெரியாதவரை அந்த எண்ணிக்கையே அதற்குப் பலம். பாதை தெரிந்துவிட்டால் எந்த இடத்தில் வெட்டுவது என்பதை நாம் முடிவு செய்யலாம்.

ஆட்டில் வெட்டலாம். கால்நடை மருத்துவர் சொல்லும் காலத்தில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தால் முட்டையே வெளியே வராது. எல்லாப் புழுவுக்கும் ஒரே மருந்து வேலை செய்யாது. தட்டைப்புழுவுக்கென்று தனி மருந்து உண்டு. அதனால் சாணத்தைப் பரிசோதித்து மருத்துவர் சொல்வதையே கொடுக்க வேண்டும்.

சாணத்தில் வெட்டலாம். பச்சைச் சாணத்தை வாய்க்காலில் கழுவிவிடாமல் குவித்து மக்கவைத்தால், குவியலுக்குள் எழும் சூட்டில் முட்டைகள் அழியும்.

நத்தையில் வெட்டலாம். வாத்துகள் நத்தையை விரும்பித் தின்னும். இந்தோனேசியாவின் ஜாவாவில் ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமான ஒரு வழியைக் கண்டார்கள். வாத்தின் குடலில் வாழும் வேறொரு தட்டைப்புழுவும் அதே நத்தைக்குள் வளர்கிறது. அதன் ரீடியாக்கள் மூர்க்கமானவை. ஈரல் புழுவின் ரீடியாக்களைத் தின்றுவிடும். ஆகவே மாட்டுக் கொட்டிலின் கழிவு போகும் இடத்தில் வாத்துக் கழிவையும் கலந்துவிட்டார்கள். புழுவைக் கொண்டே புழுவை அடக்கும் இந்த வழிக்கு மருந்துச் செலவு கிடையாது.

புல்லில் வெட்டலாம். உறைகள் பெரும்பாலும் நீர்மட்டத்தை ஒட்டிய தண்டில்தான் இருக்கும். ஈர வயலில் அறுத்த வைக்கோலை நன்றாக வெயிலில் காயவைத்துப் போட்டால் உறைகள் செத்துவிடும். குளத்தோரச் சேற்றில் மேய்க்காமல் மேட்டில் மேய்ப்பதும் நல்லது.

நம் உடம்பையும் மறக்கக் கூடாது. ஈரல் புழு மனிதருக்கும் வரும். பொலிவியா, பெரு, எகிப்து நாடுகளில் பல குழந்தைகள் இதனால் துன்பப்பட்டிருக்கிறார்கள். தண்ணீரில் வளரும் கீரையையும் தண்டையும் பச்சையாகத் தின்னாதீர்கள். வேகவைத்தால் உறைகள் அழிந்துவிடும். குட்டைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆடு மாடு இருந்தால் அவை எங்கே மேய்கின்றன, எங்கே தண்ணீர் குடிக்கின்றன, சாணம் எங்கே போகிறது என்று கவனித்து ஒரு தாளில் படமாக வரையுங்கள். அந்த இடங்களில் நத்தை இருக்கிறதா என்று கரையில் நின்றபடியே பாருங்கள். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், வெறுங்கையால் தொடவும் வேண்டாம். படத்தை ஆசிரியரிடமும், ஊர்க் கால்நடை மருந்தகத்து மருத்துவரிடமும் காட்டுங்கள். எந்தக் கண்ணியை வெட்டுவது உங்கள் ஊருக்கு எளிது என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை வீட்டுப் பெரியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.